கடன்காரி வேடம்

1

இந்த வருடமும் கடன்காரியாக வர முடியுமா என்று கேட்டு மார்கரெட் கடிதம் அனுப்பியிருக்கிறாள். போன வருடம் நான் பிரமாதமாகச் செய்தேனாம். வக்கீல்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் தலையைச் சொறிவீர்கள். சொல்லிவிடுகிறேன். நான் ஓஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். வக்கீல் இல்லை. போன் எடுப்பேன், ஃபைல் கட்டுவேன், அழுதுகொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன். எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கடன் வசூல்காரர்களின் தொல்லை தாங்காமல் வருகிறவர்கள். அவர்களுக்காக வாதாடப் போகும் புது வக்கீல்களுக்கு வருடா வருடம் அக்டோபரில் இரண்டு நாள் பயிற்சி நடக்கும். அதை நடத்துபவள்தான் மார்கரெட். நரைத்த தலை, உரத்த குரல், ஒரு வார்த்தை அதிகமாகப் பேசமாட்டாள்.

முதல் நாள் முழுக்கச் சட்டம். இரண்டாம் நாள் நடிப்பு. கடன் வாங்கியவராக ஒரு ஆள் நடுவில் உட்கார வேண்டும். வக்கீல்கள் முறை வைத்து வந்து கேள்வி கேட்டுப் பழகுவார்கள். யார் போன் பண்ணினார், என்ன சொல்லி மிரட்டினார், வேலை பார்க்கும் இடத்துக்கு வந்தாரா, பக்கத்து வீட்டில் சொன்னாரா. வழக்கமாக நடிக்கும் அம்மாள் போன வருடம் முழங்கால் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். மார்கரெட் என்னைப் பிடித்தாள்.

"உன் முகம் இதற்குப் பொருத்தமாக இருக்கிறது" என்றாள்.

அடிப்பாவி என்று மனசுக்குள் சொன்னேன். வாயால் நன்றி சொன்னேன். இருபது வருடத்தில் இந்த நாட்டில் நான் சுத்தமாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

2

நடிப்பதற்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அதன்படி என் பெயர் லிண்டா. கார் வாங்கக் கடன் வாங்கினேன். தவணை கட்ட முடியவில்லை. காரை எடுத்துப் போய் ஏலத்தில் விற்றுவிட்டார்கள். மிச்சம் இவ்வளவு பாக்கி என்று இப்போது வந்து நிற்கிறார்கள். கடைசியாகப் பணம் கட்டி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வசூல்காரன் கத்துகிறான், ஜெயிலில் போடுவேன் என்கிறான். அட்டையின் அடியில் இரண்டு வரி தனியாகப் பெட்டி கட்டி இருந்தது. சமீபத்தில் பணம் ஏதாவது கொடுத்தீர்களா? இல்லை. ஏதாவது பேப்பரில் கையெழுத்துப் போட்டீர்களா? இல்லை.

அந்த இரண்டு வரி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் காதில் விழுந்திருக்கும். ஆனால் அது இந்த ஊர்ச் சட்டம், அதற்கும் நான் பிறந்த சேர்வராயன் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் என் மகள் நிவியை வக்கீலாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். அவளுக்கு அப்போது பதினேழு வயது. தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. சமையல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, அவன் உங்களை மிரட்டினானா என்று கேட்டாள். ஆமாம், நிறைய மிரட்டினான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். மிரட்டினதைக்கூட ஏதோ விருந்தாளியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்கிறாயே அம்மா, யார் நம்புவார்கள் என்றாள்.

அட்டையைப் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் சீலனைப் பார்த்து யாரோ எழுதியது மாதிரியே இருந்தது.

3

சீலன் என் தம்பி. மலை மேல் எங்கள் ஊர் தலைச்சோலையில் அம்மாவோடு இருக்கிறான். எங்கள் அப்பா எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து, ஓய்வு பெறும்போது வந்த பணத்தில் ஒரு ஏக்கர் காபித் தோட்டம் வாங்கினார். மேல்காடு என்போம். அது அம்மா பெயரில் இருக்கிறது. மிளகும் காபியும் விற்று வருவதில்தான் வீடு நடக்கும்.

சீலன் சேலத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் போட்டுப் பிக்கப் வண்டி எடுத்தான். காபி மூட்டை, பட்டர் ஃப்ரூட், கல்யாணப் பந்தல் சாமான் என்று ஓட்டினான். பிறகு ஓட்டமே இல்லாத ஒரு காலம் வந்தது. தவணை நின்றது. மலைப்பாதையில் பன்னிரண்டாவது வளைவில் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நடந்தே வீட்டுக்கு வந்தான். வண்டியைச் சல்லிசாக விற்றுவிட்டு, இன்னும் பாக்கி இருக்கிறது என்று ஆள் அனுப்பினார்கள்.

முதலில் வந்தவனைச் சீலன் வாசலிலேயே நிறுத்தி, "வண்டியும் போச்சு, பாக்கியுமா? போய்க் கோர்ட்டுல பாத்துக்கய்யா" என்று விரட்டினான். இரண்டாவதாக வந்தவனுக்கும் அதே மரியாதை. அம்மா போனில் என்னிடம் புலம்பும். நான் இங்கிருந்து சீலனுக்கு வகுப்பு எடுப்பேன். படிச்ச குடும்பம்டா, மரியாதையாப் பேசுடா, நாளைக்கு சர்ச்சில் நாலு பேர் என்ன நினைப்பாங்க என்று. அவன் "சரி சரி" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவான். முரடன், பிழைக்கத் தெரியாதவன் என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்து வருடம் சீலன் அசையவில்லை. ஒரு பைசா கொடுக்கவில்லை, ஒரு பேப்பரைத் தொடவில்லை. அதன் பிறகு மூன்றாவதாகப் பிரபு வந்தான்.

எங்கள் வீட்டில் அப்பா வைத்த ஒரு சட்டம் உண்டு. மலை ஏறி வந்தவன் யாராக இருந்தாலும் முதலில் தலை துவட்டத் துண்டு, பிறகு வரக்காப்பி. அவன் டம்ளரைக் கீழே வைக்கிறவரை வந்த காரியம் என்ன என்று கேட்கக் கூடாது. எஸ்டேட்டில் கூலி குறைந்தது என்று சண்டைக்கு வந்தவர்கள்கூடக் காபி குடித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். குடித்த பிறகு சத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்பாவுக்கு வேண்டியதும் அதுதான்.

பிரபு வந்த அன்று சீலன் வீட்டில் இல்லை. அடிவாரத்தில் இருந்து பைக்கில் மழையில் வந்து, வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். அம்மா துண்டு கொடுத்தது. காபி கொடுத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்கம்மா, நான் கம்பெனிலருந்து வாரனுங்க. ஆனா அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். உங்க காப்பி நொம்ப நல்லாருந்துதுங்க" என்றானாம். அடுத்த வாரம் வரும்போது அம்மாவின் முட்டி வலிக்குத் தைலம் வாங்கி வந்தான். அதற்கடுத்த வாரம் மதியச் சோறே அங்கேதான்.

4

பயிற்சிக்கு முந்தின சனிக்கிழமை காலை வழக்கம்போல வீட்டுக்கு போன் பண்ணினேன். அங்கே சாயங்காலம். பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா, "இந்தா சாமி, நம்ம பிரபு பேசோணுங்குது" என்று போனைக் கொடுத்துவிட்டது.

"அக்கா, வணக்கமுங்க. சாப்டீங்களாங்க்கா?"

அவ்வளவுதான் கேட்டான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும். என் தம்பி சாப்பிட்டாயா என்று கேட்கிற ஜாதி இல்லை. என் மகளுக்கு அப்படிக் கேட்பதே சிரிப்பு. இங்கே இருக்கும் தமிழர்கள் நல்லவர்கள்தான், ஆனால் யாரும் எங்கள் பக்கத்துப் பேச்சு பேசுகிறவர்கள் இல்லை. நான் "ஊடு" என்று சொன்னால் வீட்டைச் சொல்கிறேன் என்று புரிந்துகொள்ள ஆள் கிடையாது. அன்றைக்கு அந்தப் பையனிடம் அரைமணி நேரம் பேசினேன். ஒண்டிக்கடைப் பக்கம் புதுசாக என்னென்ன கடை வந்திருக்கிறது, தலைச்சோலை பஸ் இன்னும் அதே நேரத்துக்குத்தான் வருகிறதா, பனி இறங்கியாயிற்றா. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னான்.

"இப்ப கிளம்புனீங்கன்னா இருபது வளைவும் பனிதானுங்க்கா. வண்டி முன்னாடி டயரே தெரியாது."

"பாத்துப் போ சாமி. மெதுவாப் போ."

"போறனுங்க்கா. அந்தக் கணக்கு மட்டும் ஒண்ணு பாக்கி நிக்குதுங்க. அண்ணன் கோபக்காரரு, நான் என்னத்தச் சொல்றது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாருங்க. இப்ப ஐயாயிரம் கட்டிட்டு, மிச்சத்த மெதுவாக் கட்டறேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து. எம் மேனேஜருகிட்டக் காட்டோணும், இல்லன்னா எனக்குச் சம்பளம் புடிச்சுருவாங்க. அம்மா கையெழுத்து சும்மா சாட்சிக்குத்தானுங்க்கா."

"அட, இதுக்கென்ன! நாம வாங்குன கடன்தான, குடுக்க வேண்டியதுதான. நான் சொல்றேன் சாமி."

"வியாழக்கிழமை பேப்பரோட வாரனுங்க்கா."

சீலனைக் கூப்பிடச் சொன்னேன். "அந்தப் பையன் பாவம்டா, மழையில வந்து போகுது. நீ போட்டுக் குடுத்துடு" என்றேன். "அக்கா, எனக்கு இது புடிக்கலை. நீ சொல்றியேன்னு போடறேன்" என்றான்.

போனை வைத்ததும் நிவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். யாரம்மா அது என்றாள். ஊர்ப் பையன் என்றேன். "நீ வேற யாரோ மாதிரி பேசினாய், அவளை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். உண்மை அதுதான்.

5

நடிப்பு நாள் வியாழக்கிழமை. காலை எட்டரைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். முதல் குழுவில் மூன்று பேர் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒரு பெண், லிண்டா, அவன் உங்களிடம் எப்படிப் பேசினான் என்று கேட்டாள்.

கத்தினான் என்று அட்டையில் இருந்தது. என் வாயில் வேறு வந்தது. "சாப்பிட்டாயா என்று கேட்டான்" என்றேன்.

அறையே சிரித்தது. நானும் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, அட்டைக்குத் திரும்பினேன். மார்கரெட் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரையும் நிறுத்தச் சொன்னாள்.

"கத்துகிறவனை நீங்கள் சுலபமாக மடக்கிவிடலாம், அவனுக்குச் சட்டத்தில் பதினெட்டு இடத்தில் பதில் இருக்கிறது" என்றாள். "இவள் சொன்னவன்தான் கெட்டிக்காரன். பழைய கடனுக்கு வயதாகிவிடும். இத்தனை வருடம் தாண்டினால் கோர்ட்டில் கேட்க முடியாது. அப்போது அந்தக் கடனுக்கு மறுபடி உயிர் கொடுப்பது கட்சிக்காரர் கையால் கொடுக்கும் ஒரு சின்னத் தொகை, இல்லை ஒரு கையெழுத்து. அதை அன்பாகப் பேசித்தான் வாங்குவார்கள். எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது?"

அட்டையின் அடியில் பெட்டி கட்டி இருந்த இரண்டு வரியை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

ஒன்பதரைக்கு இடைவேளை விட்டார்கள். மார்கரெட்டை நடையில் பிடித்து, இந்தியாவிலும் அப்படித்தானா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது, அங்கே ஒரு வக்கீலைக் கேள். ஆனால் கேட்கும்வரை யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்" என்றாள்.

அங்கே சாயங்காலம் மணி ஏழு. சீலன் எடுத்தான்.

"சீலா, அந்தப் பேப்பர்ல போடாத. பிரபு வந்தா அப்பறம் வரச் சொல்லு. என்ன சொன்னாலும் போடாத."

"நாலு மணிக்கே வந்துட்டுப் போயிட்டான்க்கா."

"போட்டுட்டியா?"

"நீதான சொன்ன."

"அம்மா?"

"அம்மாவும் போட்டுச்சு. இங்கிலீசுல இருந்துது பேப்பரு. சாட்சின்னுதான் சொன்னான். அதுல ஜாமீன்னு இருக்கும்போலக்கா, நான் அப்பறந்தான் போட்டோ எடுத்ததப் பெருசு பண்ணிப் பாத்தேன். மேல்காட்டு சர்வே நம்பர்கூட எழுதியிருக்குது."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "கண்ணு, அந்தப் பையனுக்கு ரெண்டு பட்டர் ஃப்ரூட்டும் கொஞ்சம் மிளகும் பையில போட்டுக் குடுத்தனுப்புனேன். வெறுங்கையோட அனுப்பல, நீ வெசனப்படாத."

மணி அடித்தார்கள். அடுத்த குழு உட்கார்ந்திருந்தது.

6

நான் மறுபடி லிண்டாவாக உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல அப்போது எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. சில நேரம் எனக்கு அப்படி ஆகும், இருபது வருடம் பேசிய பாஷை மொத்தமாகக் கழன்றுகொள்ளும்.

புதுச் சட்டையில் ஒரு இளம் வக்கீல். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் போலிருக்கிறது. முந்தின நாள் பாடம் நன்றாக மனதில் ஏறியிருந்தது. நேராக அங்கேதான் வந்தான்.

"லிண்டா, சமீபத்தில் பணம் ஏதாவது கொடுத்தீர்களா?"

அட்டையைப் பார்த்தேன். "இல்லை."

"பேப்பரில் ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் கவலைப்படாதீர்கள்" என்று அவன் என் கையைத் தட்டினான். "நாம் ஜெயித்துவிடலாம்."

நான் அழுதேன். எல்லோரும் கை தட்டினார்கள். வக்கீல்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள் என்று மார்கரெட் எழுதியிருப்பது அந்த அழுகையைத்தான்.

7

மேலே உள்ளதை எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது. கடிதத்துக்குப் பதில் போடவே பத்து நாள் ஆயிற்று.

நடந்ததை முடித்துவிடுகிறேன். சேலத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். பேப்பரைப் பார்த்துவிட்டு, "இது இல்லாம இருந்தா நான் ஒரே நோட்டீசுல முடிச்சிருப்பனுங்க. இப்ப இது புதுக் கடன் மாதிரிங்க" என்றார். வட்டி, அபராதம் என்று வளர்ந்த தொகை வண்டியின் விலையைத் தாண்டி நின்றது. ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று கேஸ் போடலாம், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, கோர்ட்டு வாசலில் நிற்க என்னால் ஆகாது சாமி என்றது. நான் பணம் அனுப்புகிறேன் என்றேன். என்னிடம் இருந்தது நிவியின் காலேஜ் பணம். "உம்புள்ள படிப்புக் காசத் தொட்டீன்னா எம்மூஞ்சில முழிக்காத" என்றது.

கடனை அடைக்க மேல்காட்டை விற்றாயிற்று. சேலத்துக்காரர் ஒருவர் காட்டேஜ் கட்டுகிறார். காபிச் செடியை ஒரே நாளில் பிடுங்கிவிட்டார்களாம். சீலன் இப்போது அந்தக் காட்டேஜுக்கு மணல் இறக்கும் லாரியில் டிரைவர். என்னிடம் நல்லபடியாகத்தான் பேசுகிறான். "நீதான சொன்ன" என்று அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லித் திட்டினால் தேவலை என்று இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று பிரபு போன் பண்ணினான். வேறு கம்பெனிக்குப் போய்விட்டானாம். ஹேப்பி கிறிஸ்மஸ்ங்க்கா என்றான். கேட்க வேண்டியதையெல்லாம் மனசில் வரிசையாக வைத்திருந்தேன். கடைசியில், "சாப்ட்டியா சாமி?" என்றுதான் வாயில் வந்தது. நிவி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், வீட்டில் வேறு சத்தம் இல்லை. போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்கரெட்டுக்கு, வருகிறேன், ஆனால் அட்டையில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று எழுதினேன். மாற்றினால் கேஸில் ஒன்றும் மிஞ்சாதே, பிள்ளைகள் தோற்றுப்போவார்களே என்று பதில் போட்டாள். தோற்கட்டும் என்றேன். புது அட்டை வந்தது.

நேற்று பயிற்சி நடந்தது. எதிரே உட்கார்ந்த பையனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"பேப்பரில் ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா?"

"போட்டேன்."

அவன் பேனா நின்றது. மார்கரெட்டைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டான்.

அதற்கு அட்டையில் பதில் இல்லை.

"மழையில் நனைந்து வந்திருந்தான்" என்றேன்.

அவன் தலையாட்டினான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஃபாரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.